பாலிஷ் போட்ட பன்னிரண்டு பட்டைகள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் திறக்கும், மூளை அப்புறம்தான். என் அம்மா இதைச் சொல்வாள். ஒன்பது வருஷம் என்னோடு குப்பை கொட்டிவிட்டு இப்போது துபாயில் நிம்மதியாகத் தூங்கும் என் வீட்டுக்காரர் சொல்வார். என் லேபில் வேலை பார்க்கிற ஐந்து பேரும் என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். போன ஆயுதபூஜைக்கு முந்தின நாளும் அப்படித்தான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டி, புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் பக்கம் என் லேப். 'அருணா அதிர்வுச் சோதனைக்கூடம்' என்று வாசலில் பலகை. லேப் என்றதும் ரத்தப் பரிசோதனை என்று நினைத்து, வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் உட்காருகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. நாங்கள் பரிசோதிப்பது உலோகத்தை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடும் அல்லவா? விமானத்திலும் பஸ்ஸிலும் பம்ப்செட்டிலும் இருக்கிற ஒவ்வொரு துண்டும் ஓடுகிற நேரமெல்லாம் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு நடுக்கத்தால் ஒன்றும் ஆகாது. பத்து லட்சம், இருபது லட்சம் என்று போகும்போது ஏதோ ஓர் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அது வளரும். ஒருநாள் ஒடியும். எத்தனை நடுக்கத்தில் ஒடிகிறது என்று ஆட்டிப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு.

ஐந்து வருஷமாகப் பம்ப்செட்டும் பஸ் ஏசியும்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். போன வருஷம்தான் முதன்முதலாக ஒரு விமான ஆர்டர் வந்தது. கொண்டுவந்தவன் புகழேந்தி. அடி அண்ணாமலைக்காரன், என்னோடு காலேஜில் ஒரே பெஞ்சு. அவன் காதலுக்கு நான்தான் தூது. அவன் மனைவி மணிமொழி எனக்கு ஹாஸ்டல் ஜூனியர், இன்றைக்கும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். புகழ் ஓசூரில் ஒரு விமானக் கம்பெனியில் இருக்கிறான். இரண்டு பேர் உட்காரும் சின்னப் பயிற்சி விமானம் ஒன்றை அவர்கள் புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். முன் சீட்டில் பைலட், பின் சீட்டில் அளவுக் கருவிகளோடு புகழ். பறக்கும்போது எது எவ்வளவு அதிர்கிறது என்று குறிப்பது அவன் வேலை.

அந்த விமானத்தில் எஞ்சினுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் குழாயைத் தாங்கிப் பிடிக்க ஒரு டைட்டானியம் பிராக்கெட். வழக்கமாகத் தகட்டிலிருந்து கடைந்து எடுப்பார்கள். இவர்கள் உலோகப் பொடியை லேசரால் உருக்கி, படலம் படலமாக அடுக்கி, பிரிண்ட் போட்டு எடுத்தார்கள். எடை கம்மி, செலவு கம்மி. ஒரே தொல்லை, பிரிண்டரிலிருந்து வரும்போது மேலெல்லாம் ரவையை ஒட்ட வைத்த மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்பில் இருக்கிற ஒவ்வொரு குழியும் கீறல் தொடங்க ஓர் இடம். வழவழப்பாக்கித்தான் மாட்டவேண்டுமா, இல்லை அப்படியே மாட்டலாமா? இதுதான் அவர்கள் கேள்வி. அதற்காகக் கைநீளப் பட்டைகளாகப் பிரிண்ட் போட்டதில் பன்னிரண்டு, தகட்டிலிருந்து கடைந்ததில் பன்னிரண்டு அனுப்பியிருந்தார்கள். கூடவே பிரிண்ட் போட்டதில் உபரியாக இரண்டு, தனிக் கவரில். அந்தக் கவரை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஆயுதபூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, முதல் விமான ஆர்டர் ஆயிற்றே என்று அந்த இருபத்து நாலு பட்டைகளையும் ஒரு தட்டில் அடுக்கி, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னதும் நான்தான். முந்தின நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் விளக்கு கறுத்துக் கிடக்கிறது. மணி கறுத்துக் கிடக்கிறது. எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்.

"இன்னா மணிவேல் இது? சாமி முன்னாடி வைக்கிற சாமானா இது? நாளைக்குக் காலைல நான் வரும்போது இந்த மேச மேல இருக்கறது எல்லாம் பளபளன்னு இருக்கணும். ஒண்ணு வுடக் கூடாது!"

மணிவேல் என் டெக்னீஷியன். ஐடிஐ படித்துவிட்டு மோட்டார் காயில் சுற்றிக்கொண்டிருந்தவன், முப்பத்தெட்டு வயது, கை சுத்தம். அவன் மேஜையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எல்லாமேவா மேடம்?" என்று கேட்டான்.

"எல்லாமேன்னா எல்லாமேதான்! எழுதி வேற குடுக்கணுமா உனக்கு?"

அவன் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் நின்று பதில் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் காலையில் மேஜை ஜொலித்தது. விளக்கு, மணி, தட்டு, தட்டில் இருந்த பட்டைகள். சந்தனம், குங்குமம், மேலே சாமந்தி. "இப்பதான்யா லட்சணமா இருக்கு" என்று நான் வாயாரப் பாராட்டினேன். மணிவேல் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பட்டைகளைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. பொரி கடலை சாப்பிட்டுவிட்டு அன்று மாலையே ஒரு பயிற்சிக்காகப் பெங்களூர் போய்விட்டேன். பதினைந்து நாள். சோதனை முழுக்க மணிவேல்தான் நடத்தினான். எண் மாறாமல், நேரம் மாறாமல், ஒவ்வொரு பட்டையையும் மாட்டும் முன்னால் போட்டோ எடுத்து, ஒழுங்காகத்தான் நடத்தினான்.

முடிவு அருமையாக வந்தது. விமானத்தில் வருவதைவிடப் பல மடங்கு பலமான ஆட்டத்தில் கடைந்தவை சராசரி ஒன்பது மணி நேரம் தாங்கின. பிரிண்ட் போட்டவை ஏழரை மணி நேரம். அறுபத்து நாலு பக்க ரிப்போர்ட்டில் எண்களை மூன்று தடவை சரிபார்த்தேன். கடைசியில் இருந்த போட்டோக்களைப் புரட்டவில்லை. போட்டோவில் என்ன இருக்கப்போகிறது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். தீபத்துக்கு ஊருக்கு வந்த புகழ், லேபுக்கே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அருணா, நீ எனக்கு எவ்ளோ பெரிய உதவி பண்ணியிருக்கன்னு உனக்கே தெரியாது" என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கும் பெருமை பிடிபடவில்லை. வழவழப்பாக்கும் வேலை வேண்டாம் என்று முடிவாகி, பிராக்கெட்டைச் சொரசொரப்போடு அப்படியே மாட்டினார்கள். விமானம் பறக்கத் தொடங்கியது.

மாசி மாதம், பௌர்ணமி அன்று, செவ்வாய்க்கிழமை. அடுத்த வாரம் அங்கீகார ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், ஒடிந்த துண்டுகளை எடுத்துக் காட்டவேண்டும் என்று அந்தப் பெட்டியைத் திறந்தேன். காலை பத்து மணி இருக்கும். பிரிண்ட் என்று சீட்டு ஒட்டிய துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். அதில் என் முகம் தெரிந்தது.

முதலில் சீட்டு மாறியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அடுத்ததை எடுத்தேன். அதுவும் பளபள. பன்னிரண்டும் அப்படியே. போல்ட் போடும் ஓட்டைக்குள் பச்சையாக ஏதோ மெழுகு அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிற மெழுகு.

"மணிவேல்!"

வந்தான். பௌர்ணமி கிரிவலத்துக்காகப் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்ததால் நடந்தே வந்தவன், இன்னும் வேர்வை அடங்கவில்லை.

"இத்த யாருய்யா பாலிஷ் போட்டது?"

"நாந்தான் மேடம் குடுத்தேன். சின்னக்கடைத் தெருல நம்ம பாலிஷ் கடைல. வெளக்கோட சேத்து பன்னெண்டையும் குடுத்தேன். இன்னொரு பன்னெண்டு ஏற்கனவே பளபளன்னு இருந்துச்சு, அத்த வுட்டுட்டேன். இதுங்கதான் அசிங்கமா இருந்துச்சு. மொதல்ல பெல்ட்டுல வச்சித் தேச்சிட்டு அப்பறம் துணிச் சக்கரத்துல வச்சிப் போட்டுக் குடுத்தாரு." சொல்லிக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "இன்னா மேடம்? தப்பா?"

"டேய், சொரசொரன்னு இருக்கறதுதான்டா சோதனையே! அத்த வழிச்சிட்டா அப்பறம் என்ன மயித்த சோதிக்கிறது?"

"எனக்கு எப்டி மேடம் தெரியும்? எல்லாமேவான்னு கேட்டேன். நீங்க கத்துனீங்க." குரல் தாழ்ந்துபோயிருந்தது. "இந்த லேபுல உங்களாண்ட ரெண்டாவது தடவ யாருங்க மேடம் கேப்பா?"

எந்தச் சோதனை எதற்கு என்று நான் அவனிடம் ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை. அவசர அவசரமாக ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி மேஜையில் போட்டுவிட்டுப் போவேன். அதில் நேரமும் அளவும் இருக்கும், காரணம் இருக்காது.

பீரோவைத் திறந்து அந்தக் கவரை எடுத்தேன். உபரி இரண்டும் உள்ளேயே இருந்தன, பிரிண்டரிலிருந்து வந்தபடி, சொரசொரப்போடு. "மாட்டு" என்றேன். அதே அளவு ஆட்டம், அதே வேகம், நொடிக்கு நூற்றெண்பது நடுக்கம். மெஷின் ரீங்காரம் போடத் தொடங்கியது. நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

பட்டைக்குள் கீறல் விழுந்தால் அதன் விறைப்பு குறையும், திரையில் இருக்கிற கோடு கீழே இறங்கும். அதுவரை கோடு நேராக ஓடும். கால் மணி நேரம் நேராக ஓடியது. அண்ணாமலையாரே, ஏழு மணி நேரம் ஓடட்டும், ஆறு மணி நேரமாவது ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். அரை மணி. மணிவேல் டீ கொண்டுவந்து வைத்தான். ஆறிப்போயிற்று. நாற்பத்தொன்றாவது நிமிஷம் கோடு லேசாகச் சாய்ந்தது. மணிவேல்தான் முதலில் பார்த்தான், ஆனால் சொல்லவில்லை. ரீங்காரமும் ஒரு மாதிரி தடித்துப் போனது. நாற்பத்தெட்டாவது நிமிஷம் பட்டை ஒடிந்து பாதுகாப்புக் கூண்டில் போய் மோதியது.

ஏழரை மணி நேரம் என்று எழுதிக்கொடுத்தது நாற்பத்தெட்டு நிமிஷத்தில் ஒடிந்துவிட்டது. இரண்டாவதையும் மாட்டினோம். அது ஐம்பத்து மூன்று.

வியாழக்கிழமை காலை அந்த விமானம் ஐந்தாவது தடவையாகப் பறக்கப்போகிறது. அதுவரை பறந்ததிலேயே நீளமான பறத்தல் அது, மூன்று மணி நேரம். பின் சீட்டில் புகழ். பிராக்கெட் ஒடிந்தால் குழாய் ஆடும், குழாய் விட்டால் எண்ணெய் சூடான எஞ்சின் மேல் கொட்டும். அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

கம்பெனிக்கு நேரே மெயில் போட்டிருக்கலாம். ஆனால் என்னை நம்பி ஆர்டர் வாங்கிக்கொடுத்தவன் புகழ். அவனே விமானத்தை நிறுத்தினான் என்று இருந்தால் அவன் பேருக்குக் கெடுதல் வராது. ஒவ்வொரு பறத்தலுக்கு முன்னாலும் கிரிவலம் வருகிற வழக்கம் அவனுக்கு. அன்றைக்கும் ஊரில்தான் இருந்தான். ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு காபிக்கடையில் மூன்று மணிக்கு வா என்றேன். செங்கம் ரோட்டில் அன்றைக்கு வண்டி விடமாட்டார்கள். தெரிந்தவர் வீட்டு வாசலில் ஸ்கூட்டியைப் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு நடந்தேன்.

கடையில் வெள்ளைக்காரர்கள் நாலு பேர் இஞ்சி டீயோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். புகழ் வெறுங்காலோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரோரம் இருந்தான். நான் உட்காரக்கூட இல்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். ஆயுதபூஜை, என் கத்தல், பாலிஷ் கடை, நாற்பத்தெட்டு நிமிஷம். ஒடிந்த துண்டையும் மேஜை மேல் வைத்தேன்.

"நான் பண்ணது பெரிய தப்புடா. என்னை என்ன வேணா பண்ணிக்க. மொதல்ல வியாழக்கிழமைய நிறுத்து."

அவன் துண்டைத் தொடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதிர்ச்சி ஒன்றும் இல்லை அந்த முகத்தில். ஏமாற்றம்தான் இருந்தது, ஒரு பரிசைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டால் வருகிற மாதிரி.

"அப்ப நீ தெரிஞ்சி பண்ணலையா?" என்றான்.

"எத்த?"

"பாலிஷ்."

"உனக்குத் தெரியுமா?"

"ரிப்போர்ட்டு கடைசில போட்டோ இருக்குல்ல. மொத நாளே பாத்தேன். பன்னெண்டும் மின்னுது." மெதுவாகப் பேசினான். "நீ எனக்காகப் பண்ணியிருக்கன்னு நெனச்சேன். பிரிண்ட்டு ஃபெயிலாச்சுன்னா எங்க புராஜெக்ட்ட மூடிடுவாங்கன்னு உன்னாண்ட சொல்லியிருந்தேன்ல. அதான், என்னைக் காப்பாத்தப் பண்ணியிருக்கான்னு. கேட்டா உனக்கு அசிங்கமாப் போயிடும்னு கேக்கல."

தீபத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவன் கண் கலங்கியது இதற்குத்தானா? நான் திருட்டுத்தனம் பண்ணுவேன் என்று நினைத்திருக்கிறான். நினைத்துவிட்டு, நன்றியும் சொல்லியிருக்கிறான்.

"பாவி, தெரிஞ்சே நாலு தடவ ஏறியிருக்கியே! உனக்குப் பைத்தியமா?"

"மொத தடவ பயமாத்தான் இருந்துச்சு. எறங்கி வாந்தி எடுத்தேன். ரெண்டாவது தடவ கம்மியா இருந்துச்சு. அப்பறம் பழகிடுச்சு. ஒண்ணும் ஆகலல்ல?"

"ஒவ்வொரு தடவையும் உள்ள கீறல் வளருதுடா! உனக்கு நான் பாடம் எடுக்கணுமா?"

"அதனாலதான் அருணா பின்சீட்ல வேற யாரையும் ஏத்தல. எங்க டீம்ல மூணு பேரு கேட்டாங்க. நானே போறேன்னு சொல்லிட்டேன். தப்பு என்னுதுன்னா உயிரும் என்னுதா இருக்கட்டும்னு."

"முன் சீட்ல இருக்கறவரு?"

அவன் டம்ளரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினான்.

"அவருக்குத் தெரியுமா புகழ்? அவரு புள்ள குட்டிங்களுக்குத் தெரியுமா?"

"இந்த ஒரு தடவ வுட்டுடு" என்றான். "வியாழக்கிழமை முடிஞ்சா அடுத்த மாசம் எஞ்சினக் கழட்டுவாங்க. அப்ப நானே சத்தமில்லாம பிராக்கெட்ட மாத்திடறேன். கடைஞ்சது ஒண்ணு ரெடியா வச்சிருக்கேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. உன் லேபும் பொழைக்கும், நானும் பொழைப்பேன். மணிவேல் பொழைப்பான். எல்லாரும் பொழைப்போம்."

அவன் சொன்னதில் ஒரு நொடி மனசு போய் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். ஐந்து பேர் சம்பளம், ஆறு வருஷ உழைப்பு, என் பேர். ஒரு மாசம்தானே, ஒரு பறத்தல்தானே. அப்புறம் அந்தக் கோடு சாய்ந்தது கண்ணுக்குள் வந்தது.

போனை எடுத்தேன். அவன் எதிரிலேயே அவன் கம்பெனியின் தலைமைப் பொறியாளருக்கு மெயில் எழுதினேன். 'எங்கள் ரிப்போர்ட் தவறு. சோதனைக்கு முன் பட்டைகள் பாலிஷ் செய்யப்பட்டுவிட்டன. என் உத்தரவால் நடந்தது. பிராக்கெட்டோடு பறக்கவேண்டாம்.' அனுப்பு என்று அமுக்கினேன். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. பௌர்ணமிக் கூட்டத்தில் இந்தப் பக்கம் சிக்னல் எங்கே கிடைக்கும்? பக்கத்தில் லட்சம் போன். நேரே கூப்பிட்டுப் பார்த்தேன். லைன் கட் ஆகிக்கொண்டே இருந்தது.

புகழ் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மேஜை மேல், என் போனுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பிடுங்கிவிடுவானோ என்று பயந்தேன். பிடுங்கவில்லை.

"போகலல்ல? சாமியே வேணாங்குது" என்றான்.

"சாமிய இதுல இழுக்காத" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.

செங்கம் ரோட்டில் எல்லோரும் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்தி மட்டும் எதிர்த் திசையில். "யம்மா, இப்பிடி வரக் கூடாதும்மா" என்று ஒரு கிழவர் அதட்டினார். ஒரு பொம்பளை தோளால் இடித்து, "கண்ணு தெரியல?" என்றாள். வேறு நாளாக இருந்தால் நின்று நாலு கேட்டிருப்பேன். மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்று சொல்லிக்கொண்டே முண்டினேன். இடது கால் செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது. வலதையும் உதறிவிட்டு நடந்தேன். ஸ்கூட்டியை எடுத்து, தெரிந்த சந்தெல்லாம் சுற்றி, வேங்கிக்கால் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. லேபில் கேபிள் இணைப்பு இருந்தது. மெயில் ஒரு நொடியில் போனது. தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டேன். அவர் மூன்றே கேள்வி கேட்டார். எத்தனை நிமிஷத்தில் ஒடிந்தது, எத்தனை பட்டை, யார் சொல்லிப் பாலிஷ் போட்டது. மூன்றுக்கும் பதில் சொன்னேன். "விமானம் பறக்காதும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மணிவேல் இன்னும் வீட்டுக்குப் போகாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். "எம்பேரச் சொல்லியிருக்கலாமே மேடம்" என்றான்.

"போய்யா, போய்ச் சாப்பிடு" என்றேன். அதுவும் கத்தலாகத்தான் வந்தது. அப்புறம் அவனைத் திரும்பக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, சொரசொரப்பு ஏன் முக்கியம் என்று முதல் தடவையாகச் சொன்னேன். காலம் கடந்த பாடம், வேறென்ன?

புதன்கிழமை பிராக்கெட்டைக் கழற்றி, கீறலில் ஊறுகிற சிவப்புச் சாயம் தடவிப் பார்த்தார்கள். பிராக்கெட்டின் முப்பது மில்லிமீட்டர் அகலக் கையில் கீறல் பதினொரு மில்லிமீட்டர் ஓடியிருந்தது. வியாழக்கிழமை தாங்கியிருக்குமா என்று கேட்டதற்கு, அதை மட்டும் கேட்காதீர்கள் என்றார் தலைமைப் பொறியாளர்.

அடுத்த வாரம் ஓசூரில் விசாரணை வைத்தார்கள். கம்பெனி தரப்பில் ரிப்போர்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் புகழ். போட்டோவைப் பார்க்கவில்லை, அருணா ரிப்போர்ட் என்று நம்பிவிட்டேன் என்று அவன் சொன்னானாம். என்னிடம் கேட்டார்கள், அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா என்று. எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். தலை நிமிரவில்லை. அவனுக்காகப் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவனைக் காட்டிக்கொடுக்கவும் நாக்கு எழவில்லை. "போட்டோவை நான் பார்க்கலை. என் கையெழுத்துக்கு மட்டும்தான் நான் பதில் சொல்ல முடியும்" என்றேன். அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியாது. கவனக்குறைவு என்று எழுதி அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். என் லேபுக்கு அங்கீகாரம் போயிற்று. மறுபடியும் பம்ப்செட்.

பங்குனியில் ஒரு மத்தியானம் மணிமொழி கூப்பிட்டாள். பெயரைப் பார்த்ததும் எடுக்கவேண்டாம் என்றுதான் தோன்றியது. எடுத்தேன்.

"நல்லா இருக்கியா அக்கா?" என்றாள். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. "நீ நல்லாத்தான் இருப்ப. ஊட்டுக்காரரு சம்பாதிக்கிறாரு. இங்க அவரு மூணு வாரமா சுவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரு. சோறு எறங்கல. புள்ள ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குது, அப்பாவ விட்டுட்டு."

"மணி..."

"நீ பேசாத. நான் பேசறேன். பூஜைக்குப் பாலிஷ் போட்டாளாம் பாலிஷ்! உன் திமிருக்கு அவரு பலியாகணுமா? தப்பு பண்ணது நீ. லெட்டர் போட்டு நல்ல பேரு வாங்கிக்கினது நீ. நடுவுல அவரு என்னக்கா பண்ணாரு? சொல்லு, அவரு என்ன பண்ணாரு?"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவனுக்குத் தெரியும்டி, முதல் நாளிலிருந்தே தெரியும், தெரிந்தே இன்னொருத்தரையும் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு நாலு தடவை ஏறினான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் எனக்கு நெஞ்சு லேசாகும். அவள் அப்புறம் அந்த மனுஷனுக்கு எப்படிச் சோறு போடுவாள்?

"அவரு உன்ன எவ்ளோ நம்பினாரு தெரியுமாக்கா?" மணிமொழி அழ ஆரம்பித்தாள். "ஒவ்வொரு தடவையும் கெளம்பும்போது நான் பயந்து சாவேன். அவரு சொல்வாரு, அருணா சோதிச்சுக் குடுத்தது, அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. சொல்லிட்டுச் சிரிச்சிக்கிட்டே போவாரு. உன் பேரச் சொல்லித்தான் ஏறி உக்காருவாரு. உனக்கு உறைக்குதா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் மணி" என்றேன். "சொல்லு."